இடைவேளையில் ஆவுடை

ஞாயிற்றுக்கிழமை, அதுவும் சீசன் பிறந்து இரண்டாவது ஞாயிறு. அன்றைக்குக் குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கிற ஒருவர் மத்தியானம் மூன்று மணிக்குத் தொழிலை முடித்துக்கொண்டு கிளம்புகிறார் என்றால், ஒன்று அவர் வீட்டில் சாவு விழுந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவருக்குப் புத்தி பிசகியிருக்க வேண்டும். பேச்சிமுத்து எண்ணெய்க் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தபோது பக்கத்திலிருந்தவர்கள் இரண்டையும் கேட்டுவிட்டார்கள். இரண்டுக்கும் இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு, தென்காசியில் ஒரு சோலி இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

பொய்யில்லை. ஆனால் தென்காசி தியேட்டரில் உட்கார்ந்து, வெள்ளைக்காரர்கள் கால்விரல் நுனியில் நின்று ஆடுவதைப் பார்ப்பதுதான் அந்தச் சோலி என்று எந்த வாயால் சொல்வது?

விடிகாலை நாலரைக்குத் தொழிலில் இறங்கியவர். இந்த வருஷம் சாரல் தாராளம், தண்ணீர் தாராளம், கூட்டமும் தாராளம். மதியத்துக்குள் பதினாறு முதுகு, முப்பத்திரண்டு கால் முடித்திருந்தார். மதுரைக்காரர், கொல்லத்துக்காரர், பஸ் பிடித்துக் கூட்டமாக வந்திறங்கிய சிவகாசிக்காரர்கள். உடம்புதான் ஆளுக்கு ஆள் வேறே. 'அங்கன இன்னும் கொஞ்சம் அழுத்துங்க அண்ணாச்சி' என்கிற பேச்சு எல்லாருக்கும் ஒன்றே. ஐம்பத்தொன்பது வயதில் இவருக்கும் தோளில் தொடங்கி விரல் வரைக்கும் வலிதான். அதை அழுத்திவிட யாரிருக்கிறார்கள்? தூங்கி எழுந்தால் போகிற அலுப்பெல்லாம் எப்போதோ போய்விட்டது. இப்போது இருப்பது தூங்கி எழுந்தாலும் கூடவே எழுந்து வருகிற அலுப்பு.

மேலகரத்தில் வீடு. மனைவி வடிவம்மாள் பன்னிரண்டு மணிக்கே பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூவும் வைத்துக்கொண்டு தயாராக நின்றாள்.

"சோப்பு போட்டு நல்லா குளிச்சிட்டு வாங்க. எண்ணெ நாத்தத்தோட வந்தா நான் வேற சீட்டுல போயி உக்காந்துக்கிடுவேன்."

"ஒம் மவ என்ன நேர்லயா வாரா? நாத்தம் லண்டன் வரைக்கும் போயிருமாக்கும்?"

"அவ நம்மளப் பாக்காட்டா என்ன, நாம அவளப் பாக்கப் போறோம்லா. ஒழுங்கா போவோம்."

அவர் சோப்பை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். இதற்கு மேல் பேசினால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று இருவருக்கும் தெரியும்.

ஆவுடைத்தாய் அவர்களுக்கு ஒரே பிள்ளை. பிசியோதெரபி படிக்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோது, அதுவும் ஒரு டாக்டர் படிப்பு என்றுதான் பேச்சிமுத்து நினைத்தார். வாங்காத இடத்திலெல்லாம் கடன் வாங்கிச் சேர்த்துவிட்டார். இரண்டாம் வருஷம் லீவில் வந்தவள், முட்டு வலியென்று வந்த மாமாவைக் கட்டிலில் படுக்கவைத்து, காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கட்டைவிரலால் அழுத்த ஆரம்பித்தாள். வாசலில் நின்று பார்த்த பேச்சிமுத்து தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார். இதைத்தானே நானும் செய்கிறேன்? இதற்கா இத்தனை பாடு?

அப்போது அடக்கிக்கொண்டதை, மேல்படிப்புக்கு அவள் லண்டன் கிளம்புகிற அன்றைக்குக் கொட்டிவிட்டார்.

"ஊரான் ஒடம்பத் தொட்டுத் தொட்டு ஏங் கை நாறிப் போச்சு. எம் மவளாச்சும் மேசையில உக்காரட்டும்னு படிக்க வச்சேன். நீ ஏரோப்ளேன் ஏறிப் போயி அதே நாத்தத்தத் தேடிக்கிடப் போற."

அவள் பையைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறினாள். ஏர்போர்ட்டுக்கு வடிவம்மாள் மட்டும் போனாள். அதோடு நான்கு வருஷம் ஆகிவிட்டது. தினமும் சாயங்காலம் தாயும் மகளும் போனில் முகம் பார்த்துப் பேசுவார்கள். பின்னால் பேச்சிமுத்து குறுக்கே போனால் மகளின் பேச்சு ஒரு நிமிஷம் நிற்கும். அவர் போனபின் மறுபடி தொடங்கும். அந்த ஒரு நிமிஷம்தான் அப்பனுக்கும் மகளுக்கும் நடுவில் மிச்சமிருந்த உறவு. அருவிக்கரையில் யாராவது கேட்டால், "லண்டன்ல ஆபீஸ்ல இருக்கா. கம்ப்யூட்டர் வேல" என்பார். சொல்லிச் சொல்லி அது வாயில் படிந்துவிட்டது.

போன புதன்கிழமை ஆவுடை தாயிடம் சொன்ன விஷயம் இதுதான். லண்டனில் ஒரு பெரிய நாடக சபை. அங்கே பாலே ஆடுகிற பிள்ளைகளின் காலைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை அப்படியே நேரடியாக உலகம் முழுக்கத் தியேட்டர்களில் காட்டுகிறார்கள். தென்காசியிலும் காட்டுகிறார்கள், நெட்டில் பார்த்துவிட்டாள். முதல் இடைவேளையில் கேமராவை எடுத்துக்கொண்டு அவள் வேலை பார்க்கிற அறைக்கு வருவார்கள். நாலு நிமிஷம் அவளைக் காட்டுவார்கள்.

"யப்பாவக் கூட்டிட்டுப் போம்மா. பாத்துட்டு அவரு என்ன சொல்லுதாருன்னு எனக்குத் தெரியணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

வடிவம்மாள் இதை ஒரு வார்த்தை குறையாமல் மூன்று நாளும் மூன்று வேளையும் சொன்னாள். சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவும்போது பேச்சிமுத்து, "எத்தன மணிக்காம்?" என்றார். அவள் அடுக்களையில் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்து, "ஆறரைக்கி" என்றாள்.

தியேட்டர் வாசலில் மேனேஜர் கிங்ஸ்லி நின்றிருந்தார். போன வருஷம் கிரிக்கெட் காட்டுவதற்கென்று மாடியில் ஒரு டிஷ் வைத்தார்கள். கிரிக்கெட் முடிந்ததும் அது சும்மா கிடந்தது. புதுப்படமும் இரண்டே நாளில் படுத்துவிட, ஒரு கம்பெனிக்காரன் வந்து ஞாயிறு சாயங்காலத்துக்கு இந்த ஆட்டத்தைப் போட்டுப் பாருங்கள் என்று தலையில் கட்டியிருந்தான். ஒற்றைக் கால்விரலில் நிற்கிற பெண்ணின் போஸ்டர் வெளியே ஒட்டியிருந்தது. பாதியை ஒரு பள்ளிக்கூடத்தின் அட்மிஷன் நோட்டீஸ் மறைத்திருந்தது.

செங்கோட்டையிலிருந்து ஒரு பரதநாட்டிய டீச்சர், பத்துப் பன்னிரண்டு மாணவிகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஐந்தருவிப் பக்கம் ரிசார்ட்டில் தங்கியிருந்த ஒரு பெங்களூர்த் தம்பதி. மழைக்கு ஒதுங்கி, உள்ளே ஏசி என்று டிக்கெட் எடுத்த ஏழெட்டுப் பேர். அவ்வளவுதான் கூட்டம்.

கிங்ஸ்லிக்குப் போன கோடையில் இடுப்புப் பிடித்துக்கொண்டபோது சரிசெய்தவர் பேச்சிமுத்துதான். அதனால் கண்டதும் சிரித்தார்.

"அண்ணாச்சி! நீங்களா? இதுல வசனமே கெடையாது, தெரியும்லா? ஒரு பாட்டுகூடக் கெடையாது. வெறும் ஆட்டம்."

"தெரியும்."

"தெரிஞ்சா வந்தீங்க? எதுக்கு?"

எம் மவ இடைவேளையில வருவா என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். ஒரு வரி. அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்பதுதான் அவரை நிறுத்தியது. மக என்ன செய்யுதா? ஆடுதாளா? பின்னால் டீச்சர் நிற்கிறார், பிள்ளைகள் நிற்கிறார்கள். ஆபீஸ், கம்ப்யூட்டர் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவைத்த வாய் அது.

"சும்மாத்தான். ஏசில செத்த நேரம் உக்காந்துட்டுப் போலாம்னு" என்றார்.

வடிவம்மாள் விலாவில் கிள்ளினாள். கிங்ஸ்லி, "நல்லா தூங்கலாம் அண்ணாச்சி, தூக்கத்துக்கு நான் கேரண்டி" என்று சொல்லிக்கொண்டே டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

கேரண்டி பொய்க்கவில்லை. திரையில் லண்டன் அரங்கம் தெரிந்தது. அங்கேயும் ஆட்கள் இருக்கை தேடி உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். அங்கே இப்போது மத்தியானம் இரண்டு மணி என்று டீச்சர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆட்டம் தொடங்கியது. காற்சட்டை தோலோடு ஒட்டிய ஆண்கள் துள்ளி வந்ததும் மாணவிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வடிவம்மாளும் தலையைக் குனிந்துகொண்டாள். கதை என்னவோ, ஒரு பெண்ணுக்கு நிச்சயம் செய்த பையன் கப்பலுக்குப் போகிறான். அவள் கரையில் நின்று கையை நீட்டுகிறாள், மடக்குகிறாள், ஓடுகிறாள், நிற்கிறாள். ஒரு வார்த்தை பேசினால் முடிகிற சங்கதிக்கு ஐம்பது நிமிஷம்.

பேச்சிமுத்துவுக்குக் கண் சொக்கியது. குளிர்காற்று பிடரியில் படப்பட, பகல் முழுக்க நின்ற கால்கள் கழன்று கீழே விழுந்துவிடும்போல் இருந்தது. வடிவம்மாள் இரண்டு தடவை முழங்கையால் இடித்தாள்.

"முழிச்சிக்கிடுங்க."

"இவளுவள எதுக்குப் பாக்கணும்? இண்டர்வெல்லுக்கு எழுப்பு."

சொன்னாரே தவிர, அவரே தன்னைத் தூங்கவிடவில்லை. தொடையை நகத்தால் கீறிக்கொண்டு விழித்திருந்தார். நான்கு வருஷமாக மகள் முகத்தை நேருக்கு நேர் பார்க்கவில்லை. இன்றைக்கு இருபதடி உயரத்தில் பார்க்கப்போகிறார், அதுவும் அவள் இவரைப் பார்க்க முடியாத இடத்திலிருந்து. அவருக்கு அது வசதியாகவும் இருந்தது, கேவலமாகவும் இருந்தது.

ஒருவழியாக அங்கே திரை விழுந்தது. லண்டன்காரர்கள் கைதட்டினார்கள், செங்கோட்டைப் பிள்ளைகளும் தட்டினார்கள். வடிவம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

விளக்குகள் எரிந்தன. லண்டன் மறைந்து ஒரு நகைக்கடை வந்தது.

கல்யாணப் பெண் ஒருத்தி வளையலை ஆட்டிக் காட்டினாள். அடுத்தது ஜவுளிக்கடை. அதற்கடுத்தது அட்மிஷன் நடைபெறுகிறது. ஆட்கள் சோம்பல் முறித்துக்கொண்டு டீக்கும் பாப்கார்னுக்கும் வெளியே போனார்கள். பேச்சிமுத்து அசையாமல் இருந்தார். நாற்பது வருஷமாக இந்த ஊரில் படம் பார்க்கிறவர். இடைவேளை என்றால் விளம்பரம் போடுவார்கள், விளம்பரம் முடிந்தால் விட்ட இடத்திலிருந்து படம் ஓடும்.

"வெளம்பரம் முடிஞ்சதும் வருவா" என்றாள் வடிவம்மாள். அவரும் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

இரண்டு வரிசை முன்னால் டீச்சர் பிள்ளைகளை விரட்டிக்கொண்டிருந்தார். "பாத்ரூம் போறவங்க சீக்கிரம் போயிட்டு வாங்க. இது லைவ். அங்க நடக்குறது நமக்காக நிக்காது."

நமக்காக நிற்காது. பேச்சிமுத்துவின் காதில் அது அப்போதுதான் ஏறியது. அவர் நகைக்கடையைப் பார்த்துக்கொண்டிருக்கிற இந்த நேரத்தில் அங்கே ஆவுடை வந்துகொண்டிருக்கிறாள். வந்து போய்க்கொண்டிருக்கிறாள்.

எழுந்தார். ஆபரேட்டர் அறை மாடியில் இருந்தது. கைப்பிடியைப் பிடித்து, மரத்துப்போன காலை ஒவ்வொரு படியாகத் தூக்கிவைத்து ஏறினார். கதவில் பூட்டுத் தொங்கியது. தட்டினார், பூட்டைப் பிடித்து ஆட்டினார். உள்ளே மெஷின் மட்டும் தன்பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது. மறுபடி இறங்கினார். முழங்கால் மடங்க மறுத்தது. ஆபரேட்டர் பாண்டிராஜ் கேண்டீன் ஓரத்தில் நின்று பப்ஸ் தின்றுகொண்டிருந்தான். இடைவேளை விட்டால் விளம்பரத்தைத் தட்டிவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு டீக்கு இறங்குவது பதினெட்டு வருஷமாக அவன் பழக்கம். அதில் அவனைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

"தம்பி, மேல போயி அதப் போடு. லண்டனப் போடு!"

"என்ன அண்ணாச்சி, அங்கயும் இண்டர்வெல்லுதான? ஆடுதவங்க டீ குடிக்கப் போயிருப்பாங்க. என்னத்தக் காட்டப் போறான்?"

"காட்டுதான்லே! நீ போயிப் போடு!"

"வெளம்பரம் இன்னும் அஞ்சு நிமிசம் இருக்கு அண்ணாச்சி. பாதில நிறுத்துனா மேனேஜர் என்னைய..."

சத்தம் கேட்டுக் கிங்ஸ்லி வந்தார். டீ வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சரும் கையில் தண்ணீர் பாட்டிலோடு நின்றார். பேச்சிமுத்துவுக்கு மூச்சு வாங்கியது. யார் நிற்கிறார்கள், யார் கேட்கிறார்கள் என்று பார்க்க அவருக்கு நேரமில்லை.

"எம் மவ வாரா அதுல! எம் மவ ஆவுடை! ஆடுத பிள்ளையளுக்குக் கால் பிடிச்சு விடுத வேல பாக்கா. நான் அருவில செய்யுத அதே வேல. ஆபீசும் இல்ல, கம்ப்யூட்டரும் இல்ல. அவ செய்யுதத இண்டர்வெல்லதான் காட்டுதாவ. போடுங்களேன்யா!"

பாண்டிராஜ் பப்ஸை அப்படியே மேசையில் போட்டுவிட்டு இரண்டிரண்டு படியாகத் தாவி ஓடினான்.

பேச்சிமுத்து அரங்குக்குள் திரும்பி வந்து சேர்வதற்குள் நகைக்கடை போய் லண்டன் வந்துவிட்டது. வழுக்கைத் தலை மனிதர் ஒருவர் பியானோ முன்னால் உட்கார்ந்து, இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தட்டிக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். அவர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். பிறகு கேமரா காலி மேடையைக் காட்டியது. மூலையில் ஒரு கடிகாரம், அடுத்த பாகத்துக்கு ஒன்பது நிமிஷம் என்று நொடி நொடியாகக் குறைந்துகொண்டு வந்தது.

"நாலு நிமிசமும் போயிட்டு" என்றாள் வடிவம்மாள். அவள் அழுதது சத்தமாகக்கூட இல்லை. மூக்கை மட்டும் பட்டுச்சேலையில் துடைத்துக்கொண்டாள்.

அவளுடைய போன் அடித்தது. ஆவுடைதான். படம் இல்லாமல் குரல் மட்டும் வந்தது, ஓடிவந்து பேசுகிற குரல்.

"யம்மா, பாத்தீங்களா?"

"பாத்தோம்ட்டி! ராசாத்தி மாதிரி இருந்தே" என்றாள் வடிவம்மாள். கண்ணீர் இன்னும் கன்னத்தில்தான் இருந்தது.

"யப்பா?"

"அப்பாவும் பாத்தாவ."

"அப்பாட்ட குடும்மா."

நான்கு வருஷத்துக்குப் பிறகு பேச்சிமுத்து மகளின் குரலைக் காதில் வைத்துக்கொண்டார். "ம்" என்றார்.

"என்னப்பா பாத்தீங்க?"

சொல்லியிருக்கலாம். ஒரு காலை எப்படித் தூக்குவார்கள், எங்கே தாங்குவார்கள், எங்கே அழுத்துவார்கள் என்று அவருக்குத் தெரியாததா? கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிட்டாலும் முக்கால்வாசி சரியாகவே இருந்திருக்கும். ஆனால் பொய் சொல்லவும் உடம்பில் தெம்பு வேண்டுமே. அருவிக்கரையில் நான்கு வருஷம் சொன்னதே அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

"பாக்கல."

வடிவம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"வரலையாப்பா?" குரல் சின்னதாகிவிட்டது.

"வந்தேன். ஒங்கம்மாட்ட கேளு. மூணு மணிக்கே தொழில விட்டுட்டு வந்தேன். இங்கன இண்டர்வெல்லுன்னா நகைக்கட வெளம்பரந்தான் போடுவான். ஆபரேட்டரு ரூமப் பூட்டிட்டு பப்ஸ் திங்கப் போயிட்டான். மேலயும் கீழயும் ஓடிப் பாத்தேன். அதுக்குள்ள போயிட்டு."

அந்தப் பக்கம் கேட்டது சிரிப்பா, அழுகையா என்று தெரியவில்லை. "முன்னாலயே மேனேஜர்ட்ட ஒரு வார்த்த சொல்லி வச்சிருக்கலாம்லா?"

"சொல்லிருக்கலாம். சொன்னா, மக என்ன வேல பாக்கான்னு கேப்பாவ. அதுக்குப் பயந்துதான் சொல்லல." கேண்டீன் பக்கம் திரும்பிப் பார்த்தார். "இப்பச் சொல்லிட்டேன். கேண்டீன்ல நின்னு தியேட்டருக்கே கேக்க சத்தம்போட்டுச் சொல்லிட்டேன்."

லண்டனில் யாரோ யாரையோ அழைக்கிற சத்தமும் கதவுகள் அடிபடுகிற சத்தமும் கேட்டன.

"நாலு நிமிசமும் என்ன செஞ்சே? சொல்லு, கேப்போம்" என்றார் பேச்சிமுத்து.

நான்கு வருஷமாக அவர் கேட்காத கேள்வி அது. யோசித்துப் பார்த்தால், அவள் படித்த காலத்திலும் கேட்டதில்லை.

"ஒரு சின்னப் பிள்ளப்பா. பத்தொம்பது வயசு. செவ்வாக்கெழம ஒத்திகையில எடது கால் பெரண்டுட்டு. அத எப்பிடிப் பாத்து, எப்பிடிக் கட்டுப் போட்டுவிடுதேன்னு காட்டுனேன்."

"வீக்கமா?"

"மொத நாளு நல்ல வீக்கம். கணுக்காலுக்கு வெளிப்பக்கம், எலும்புக்குக் கீழ குழியா இருக்கும்லா, அங்கன."

"அங்கனதான் நீர் கோக்கும். கட்டவெரலா?"

"கட்டவெரல்தான்."

"கீழருந்து மேலயா?"

"கீழருந்து மேலதான்ப்பா. நீங்க செய்யுத மாதிரிதான்."

பேச்சிமுத்து போனைக் காதிலிருந்து எடுத்து, ஒரு முறை அதைப் பார்த்துவிட்டு, மறுபடி காதில் வைத்தார்.

"இன்னிக்கு ஆடவேண்டாம்னு இங்க எல்லாரும் சொன்னாங்க" என்று அவள் வேகமாகப் பேசினாள். "அந்தப் பிள்ள அழுது தீத்துட்டா. நாந்தான் தாங்கும்னு சொன்னேன். எம் பொறுப்புன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். இப்ப நெஞ்சு அடிச்சிக்கிடுதுப்பா. நீங்க பாருங்க. அடுத்த பாகத்துல நீலப் பாவாட போட்டு எட்டுப் பேரு வருவாங்க. எடப்பக்கக் கடைசிலருந்து மூணாவது. எடது கால். பாருங்க, என்ன. கூப்புடுதாங்க, வைக்கேன்."

விளக்குகள் அணைந்தன. வெளியே போயிருந்தவர்கள் எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள். டீச்சர் தன் இடத்தை விட்டுவிட்டு, அவர்களுக்குப் பின்வரிசையில் வந்து உட்கார்ந்தார். கிங்ஸ்லியும் சத்தமில்லாமல் வந்து ஓரத்தில் உட்கார்ந்தார்.

எட்டுப் பேரும் ஒரு வரிசையாக வந்தார்கள். பேச்சிமுத்து முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். இடப்பக்கக் கடைசியிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று. ஒல்லியான பிள்ளை, இறுக்கிக் கட்டிய கொண்டை. மற்ற ஏழு பேருக்கும் அவளுக்கும் வேறு யாரும் வித்தியாசம் சொல்லமாட்டார்கள். கட்டுப் போட்டது வெளியே தெரியவில்லை. அவளைப் பார்த்து முடிப்பதற்குள் கேமரா கதாநாயகியிடம் போய்விட்டது.

"அங்கன காட்டுலே! ஓரத்துல!" என்று திரையைப் பார்த்துக் கத்தினார். மாணவிகள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தியும் சிரிக்கவில்லை.

கேமரா தன் இஷ்டத்துக்குத்தான் போனது, வந்தது. கிடைத்த நேரத்திலெல்லாம் அவர் அந்தக் காலை மட்டும் பார்த்தார். ஒரு ஆள் நனைந்த கல்லில் நாலு எட்டு நடந்து வந்தாலே எங்கே வலிக்கிறது என்று சொல்கிறவர் அவர். இந்தப் பிள்ளை கால் ஊன்றியதில் ஒளிவு இல்லை. குதித்து இறங்கினாள், பாதம் முழுதாகத் தரையில் பட்டது. திரும்பினாள், குதிகால் சரியாக வந்தது. கப்பல், காதல், கதை எதுவும் அவருக்குத் தெரியவில்லை, வேண்டியும் இருக்கவில்லை. தூக்கம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"எது? எந்தப் பிள்ள?" என்று வடிவம்மாள் காதோரம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"பேசாத இரு."

பாகத்தின் கடைசியில் எட்டுப் பேரும் மேடை முழுக்கச் சுற்றி ஓடிவந்து ஒரே நேரத்தில் தாவினார்கள். இறங்கியதும் இடது கால், அதுவும் அதன் விரல் நுனி மட்டும் தரையில். வலது கால் பின்னால் உயர்ந்து நின்றது. இசை நின்றுபோனது. நின்றுபோன இசை திரும்ப வரும்வரை அவர்கள் அப்படியே நிற்க வேண்டும் போலிருக்கிறது. கோடியில் இருந்த ஒருத்திக்கு உடம்பு ஆடியது, சமாளித்துக்கொண்டாள். பேச்சிமுத்து மூச்சை விடவில்லை. மூன்றாவது பிள்ளை நின்றாள். அவளும் நின்றாள், அந்தக் காலும் நின்றது. இசை வந்தது. அவள் சாவதானமாகக் காலை இறக்கி, அடுத்தவளின் கையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக ஓடி மறைந்தாள்.

"அந்தா, அது!" என்றார் அப்போதுதான். "அந்தக் காலு. நம்ம பிள்ள பாத்த காலு."

வடிவம்மாளுக்கு எதுவும் பிடிபடவில்லை. ஆனாலும் கையெடுத்துக் கும்பிட்டாள். பின்வரிசையில் டீச்சர் மெல்லக் கைதட்ட, கிங்ஸ்லியும் தட்டினார்.

"போனக் குடு" என்று வாங்கினார் பேச்சிமுத்து. அவள் வேலையில் இருப்பாள், கூப்பிட்டால் எடுக்கமாட்டாள். பேசி அனுப்புகிற பொத்தானை வடிவம்மாள் அழுத்திப் பிடித்துக் காட்டினாள். அவர் போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"ஆவுடை, பாத்தேன். கால் நின்னுட்டு. நல்லா பாத்திருக்கே. ஆனா ஒண்ணு. வலிச்ச காலக் காப்பாத்தக் காப்பாத்த அந்தப் பிள்ள வலது இடுப்புல பாரத்தப் போட்டுப் பழகிட்டா. ஓடி வரும்போது லேசா அந்தப் பக்கம் சாயுதா. யாருக்கும் தெரியாது, நமக்குத் தெரியும். நாளைக்கி அவ இடுப்பக் கொஞ்சம் பாத்து விடு."

திரையில் அந்தப் பாகம் முடிந்து, லண்டனில் மறுபடியும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். பதில் வர ஐந்து நிமிஷம் ஆனது. வடிவம்மாள் அதை அழுத்தி அவர் காதில் வைத்தாள்.

"நானும் அதத்தான்ப்பா நெனச்சேன்" என்றாள் ஆவுடை. "நாளைக்கி காலையில பாக்கேன். பாத்துட்டு ஒங்களக் கூப்புடுதேன்."